எக்கோவில் 60 சதவீதம், ஆனால் படுத்தால் மூச்சு முட்டுகிறது

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 62 வயது. பன்னிரண்டு வருடமாகச் சுகர், அதற்கு முன்பிருந்தே பிபி. டெல்மிசார்டன், அம்லோடிபின் இரண்டும் சாப்பிடுகிறார். எடை 78 கிலோ, உயரம் 152 சென்டிமீட்டர். ஆறு மாதமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இப்போது ஒரு மாதமாக மல்லாந்து படுக்கவே முடியவில்லை, மூன்று தலையணை வைத்துக்கொள்கிறார். நடு இரவில் இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். சாயங்காலமானால் கால் வீங்குகிறது. பக்கத்தில் காட்டியபோது வீசிங் என்று இன்ஹேலரும், வயிற்று உப்புசத்துக்கு கேஸ் மாத்திரையும் கொடுத்தார்கள். பெரிதாகக் குறையவில்லை. போன வாரம் எக்கோ எடுத்தோம். ஈ.எஃப். 60 சதவீதம், இதயம் நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன். இதயத்தில் ஒன்றும் இல்லை என்றால் நுரையீரல் டாக்டரிடம் போவதா, கிட்னி டாக்டரிடம் போவதா? பக்கத்து வீட்டில் ஒருவர் "ஹார்ட் ஃபெயிலியர் மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டார், அம்மா அதிலிருந்து பயந்துபோய் இருக்கிறார்.
ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்: முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். நுரையீரல் டாக்டரிடமும் கிட்னி டாக்டரிடமும் போவதற்கு முன்னால் இதயத்தை இன்னொரு முறை, முழுசாகப் பார்க்க வேண்டும். ஈ.எஃப். 60 என்ற ஒரே ஒரு எண்ணை வைத்து இதயத்தைச் சந்தேகப் பட்டியலிலிருந்து விடுவித்துவிட்டார்கள், அது சரியில்லை. கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது, உங்கள் அம்மாவை நான் தொட்டுப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சில் ஸ்டெத் வைக்கவில்லை. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதையும் அந்த ரிப்போர்ட்டையும் சேர்த்துப் படித்தால், இதயச் செயலிழப்பு என்பதுதான் என் பட்டியலில் முதல் இடத்தில் வருகிறது.

அம்மாவின் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். ஹார்ட் ஃபெயிலியர் என்றதும் இதயம் நின்றுபோவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தை இதயத்தால் சிரமமில்லாமல் வாங்கி அனுப்ப முடியவில்லை, அதனால் ரத்தம் பின்பக்கமாகத் தேங்கி நுரையீரலில் நீர் கோக்கிறது, காலில் இறங்குகிறது, வயிற்றில் சேர்கிறது. அவ்வளவுதான் அதன் அடிப்படை. லேசான விஷயம் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் கவனிக்காமல் விட்டால் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்க்க வைக்கும், உயிருக்கும் ஆபத்து. ஆனால் நேரத்தோடு கண்டுபிடித்து மருந்து ஆரம்பித்தவர்கள் வீட்டு வேலை பார்த்துக்கொண்டு, பேரன் பேத்தியைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டு இருப்பதை ஓபியில் வாராவாரம் பார்க்கிறேன். இதை அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்.

இப்போது அந்த 60 சதவீதம். ஈ.எஃப். என்பது இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. ஒருவருக்கு அறையில் 120 மில்லி நிரம்பி 72 மில்லி வெளியே போகிறது, அது 60 சதவீதம். இன்னொருவருக்கு அறைச்சுவர் தடித்து விறைத்துப்போய் 80 மில்லிதான் நிரம்புகிறது, 48 மில்லி வெளியே போகிறது, அதுவும் 60 சதவீதம்தான். இரண்டு ரிப்போர்ட்டிலும் ஒரே எண் அச்சாகும், ஆனால் இரண்டாமவரால் படியேற முடியாது. இன்னும் சிலருக்கு அளவு சரியாகவே நிரம்பும், ஆனால் அதை நிரப்புவதற்கு உள்ளே அழுத்தம் ஏறியாக வேண்டும். அந்த அழுத்தம் மேலறைக்கு, அங்கிருந்து நுரையீரல் ரத்தக்குழாய்களுக்கு என்று பின்னோக்கிப் போய் மூச்சை முட்ட வைக்கும். தள்ளுவதில் கோளாறு ஒரு வகை, நிரம்புவதில் கோளாறு இன்னொரு வகை. ஈ.எஃப். 40-ம் அதற்குக் கீழும் இருந்தால் முதல் வகை, 50-ம் அதற்கு மேலும் இருந்து மற்ற ஆதாரங்கள் இருந்தால் இரண்டாம் வகை, நடுவில் 41 முதல் 49 வரை ஒரு இடைப்பட்ட வகை என்று இப்போது உலகம் முழுக்கப் பிரிக்கிறார்கள். இரண்டாவது வகை அதிகம் வருவது யாருக்கென்றால் வயதான பெண்கள், நீண்ட நாள் பிபி உள்ளவர்கள், சுகர் உள்ளவர்கள், உடம்பு கனத்தவர்கள். உங்கள் அம்மாவுக்கு இந்த நாலும் இருக்கிறது.

நம் ஊரில் இது எவ்வளவு என்று கேட்டால், பக்கத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. 2013-ல் திருவனந்தபுரம் மாவட்டத்து மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்போடு சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து பின்தொடர்ந்தார்கள். சராசரி வயது சுமார் 61, மேல்நாட்டு நோயாளிகளைவிடப் பத்து வயதாவது குறைவு. பத்தில் ஏழு பேருக்குக் காரணம் இதய ரத்தக்குழாய் அடைப்பு. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஈ.எஃப். பெரிதாகக் குறையவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கும் அளவுக்கு முற்றியவர்களிலேயே நான்கில் ஒருவர் என்றால், எக்கோ நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டு இன்ஹேலரோடு இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள்.

சரி, உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த விஷயங்களுக்கு வருகிறேன்.

படியேறினால் மூச்சு வாங்குவது ஆயிரம் காரணத்தால் வரும். ரத்தசோகை, தைராய்டு, எடை, ஆஸ்துமா, வெறுமனே பழக்கமில்லாமை. அதை மட்டும் எழுதியிருந்தால் நான் இவ்வளவு உறுதியாகப் பேசமாட்டேன். ஆனால் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால் சரியாகிறது என்பது வேறு ரகம். நிற்கும்போது காலிலும் வயிற்றிலும் தங்கியிருக்கும் நீரும் ரத்தமும் படுத்தவுடன் நெஞ்சுக்குத் திரும்பி வருகின்றன, நல்ல இதயம் அதைச் சமாளித்துவிடும், சிரமப்படும் இதயத்தால் முடியாது. தூங்கி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து மூச்சுத்திணறலோடு விழித்து, ஜன்னலோரமோ கட்டில் ஓரமோ காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, கால் மணி, அரை மணியில் அடங்குகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். அப்படி இருந்தால் அது இதயத்தை நோக்கிக் கைகாட்டுகிற மிக வலுவான அறிகுறிகளில் ஒன்று. 1971-ல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வுக்காரர்கள் இதயச் செயலிழப்புக்கு அளவுகோல் வகுத்தபோது அதைப் பெரிய அறிகுறிகளின் வரிசையில்தான் வைத்தார்கள், வெறும் கால்வீக்கத்தைச் சின்ன அறிகுறிகளின் வரிசையில் வைத்தார்கள். இன்றைக்கும் அந்த வித்தியாசம் செல்லும்.

வீசிங் விஷயத்தில் அந்த டாக்டரைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். நுரையீரலில் நீர் கோக்கும்போது மூச்சுக்குழாயின் சுவரும் வீங்கும், விசில் சத்தம் அப்படியே ஆஸ்துமா மாதிரிக் கேட்கும். நெபுலைசர் வைத்தால் கொஞ்ச நேரம் தேவலை போலக்கூட இருக்கும். ஆனால் சின்ன வயதில் ஒருநாளும் இளைப்பு வராத, பீடி சிகரெட் பழக்கமில்லாத ஒருவருக்கு, அறுபது வயதுக்கு மேல், அதுவும் பிபியும் சுகரும் இருக்கும்போது, முதல் முறையாக வீசிங் வந்தால் அது இதயம் இல்லை என்று நிரூபணமாகிற வரைக்கும் இதயமாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. விறகு அடுப்பில் பல வருடம் சமைத்தவர் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தப் புகை பெண்களுக்கு நுரையீரலைக் கெடுக்கும், அப்போது இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

அப்புறம் அந்த வயிற்று உப்புசம். ஈரலிலும் குடலிலும் ரத்தம் தேங்கினால் பசி குறையும், இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு கனம் தெரியும். இதை எல்லோரும் கேஸ் என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறார்கள். குனிந்து செருப்பு வாரைப் போடும்போதோ, வாசலில் குனிந்து கோலம் போடும்போதோ அரை நிமிடத்துக்குள் மூச்சு முட்டுகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். பெரிய வயிறு இருந்தாலே இது கொஞ்சம் இருக்கும்தான், ஆனாலும் இதயத்தில் அழுத்தம் ஏறியிருப்பவர்களுக்கு இது தனியாகக் கவனித்துப் பதிவு செய்யப்பட்ட அறிகுறி.

இன்னொன்று. நம் வீட்டுப் பெண்களிடம் "மூச்சு வாங்குதாம்மா?" என்று கேட்டால் "இல்லைப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். பொய் சொல்லவில்லை, மூச்சு வாங்குகிற வேலையை ஒவ்வொன்றாக விட்டுவிட்டார்கள், அதனால் மூச்சு வாங்கவில்லை. போன தீபாவளிக்குச் செய்து இப்போது செய்யாத வேலை எது என்று கேளுங்கள். மாடியில் துணி காயப்போடுவதை நிறுத்தி எத்தனை நாளாகிறது, கோயிலைச் சுற்றி வருகிறாரா இல்லை வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு வருகிறாரா, தண்ணீர்க் குடத்தை இப்போது யார் தூக்குகிறார்கள், குளித்துவிட்டுச் சேலை கட்டும்போது நடுவில் உட்கார வேண்டியிருக்கிறதா. நான் ஓபியில் அம்மாக்களிடம் கேட்கிற கேள்விகள் இவைதான், பல சமயம் கூட வந்த மகளுக்கோ மருமகளுக்கோதான் பதில் தெரிந்திருக்கும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், ஐந்து நிமிட ஓபியில் அது மிகப் பெரிய உதவி.

கால்வீக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அம்லோடிபின் மாத்திரையே கால்வீக்கம் கொடுக்கும், அதுவும் 10 மில்லிகிராம் அளவில் இது சகஜம். அந்த வீக்கத்துக்கும் இதயத்துக்கும் சம்பந்தமில்லை. நீர் மாத்திரை போட்டாலும் அது சரியாக வற்றாது, மாத்திரையை மாற்றினால்தான் போகும். சுகர்காரர்களுக்கு கிட்னியில் புரதம் ஒழுகினாலும் கால் வீங்கும், பெரும்பாலும் காலையில் கண் இமையும் முகமும் உப்பியிருக்கும். வெரிகோஸ் நரம்பு இருந்தால் ஒரு கால் மற்றதைவிட அதிகமாக வீங்கும். திடீரென்று ஒரே ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். ஆகவே வீக்கத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஆனால் அளந்து வைக்கலாம். கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, முன்பக்கத்து எலும்பின் மேல், கட்டைவிரலை வைத்து மெதுவாகப் பத்து வினாடி அழுத்திவிட்டு எடுங்கள். குழி விழுந்து அப்படியே நிற்கிறதா, எத்தனை நேரத்தில் நிரம்புகிறது, முழங்கால் வரைக்கும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு காலிலும் பாருங்கள். கொலுசு இறுகிப்போய் அடையாளம் பதிந்திருப்பதும் அதே கதைதான்.

இதைவிட முக்கியமான இடம் கழுத்து. டாக்டர் தலைமாட்டை ஏறக்குறைய 45 டிகிரி உயர்த்திப் படுக்கவைத்து, முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பச் சொல்லி, வலப்பக்கக் கழுத்து நரம்பு எவ்வளவு உயரத்துக்குத் துடிக்கிறது என்று பார்ப்பார். இதயத்தின் வலப்பக்கத்து அழுத்தத்தைக் காசு செலவில்லாமல் காட்டுகிற இடம் அது. அம்லோடிபின் வீக்கத்தில் கழுத்து நரம்பு உயராது, இதய வீக்கத்தில் பெரும்பாலும் உயரும். அத்தோடு முதுகுக்குக் கீழ்ப்பகுதியில் மூச்சிழுக்கும்போது நீர்ச்சத்தம் கேட்கிறதா, இதயத்தில் மூன்றாவது ஒலி இருக்கிறதா, வால்வுச் சத்தம் இருக்கிறதா, நாடி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கால்மணி நேரம் ஒதுக்கி இதைச் செய்கிற ஒரு பொது மருத்துவர் உங்கள் ஊரில் இருந்தால் அவரிடமே முதலில் போகலாம், பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை.

உங்கள் எக்கோ ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். கடைசி வரியில் "நார்மல் எல்.வி. ஃபங்ஷன்", அதாவது இடது கீழறையின் வேலை நார்மல், என்று தடித்த எழுத்தில் இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் படித்தார்கள். நான் மேலே இருக்கிற எண்களைப் படித்தேன். இடது கீழறைச் சுவர் லேசாகத் தடித்திருக்கிறது. இடது மேலறையின் கொள்ளளவு உடற்பரப்புக்குக் கணக்கிட்டால் 38, அது 34-க்குள் இருக்க வேண்டும். மேலறை ஒரே நாளில் பெரிதாகாது, பல மாதம், வருடம் அழுத்தத்தைத் தாங்கித்தான் விரியும், அதனால் எனக்கு ஈ.எஃப்.-ஐ விட இந்த எண்ணின் மேல்தான் நம்பிக்கை. நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் 38 என்று போட்டிருக்கிறது, அதுவும் கொஞ்சம் கூடுதல். ஈ பை ஈ பிரைம் என்ற விகிதம் 13. அது 14-க்கு மேல் போனால் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று ஓரளவு உறுதியாகச் சொல்வார்கள், 13 என்பது இரண்டுங்கெட்டான். இத்தனைக்கும் நடுவில் "கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்", அதாவது நிரம்புவதில் லேசான கோளாறு, என்று எழுதியிருக்கிறார்கள். அறுபது தாண்டிய பாதிப் பேருடைய ரிப்போர்ட்டில் இந்த வரி இருக்கும், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கும் இருக்கும், அதை மட்டும் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஆனால் மேலறை விரிந்து, நுரையீரல் அழுத்தமும் ஏறியிருக்கும்போது அதைக் கிரேடு 1 என்று விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஒரு இதய மருத்துவரே உட்கார்ந்து மறுபடி பார்க்கட்டும்.

2018-ல் அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவர்கள் இந்த இரண்டாம் வகையைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். உடல் எடைக் குறியீடு 30-க்கு மேல் என்றால் 2, பிபிக்கு இரண்டு அல்லது அதற்கு மேல் மருந்து என்றால் 1, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற ஒழுங்கற்ற துடிப்பு இருந்தால் 3, நுரையீரல் அழுத்தம் 35-க்கு மேல் என்றால் 1, வயது 60-க்கு மேல் என்றால் 1, ஈ பை ஈ பிரைம் விகிதம் 9-க்கு மேல் என்றால் 1. மொத்தம் 9. உங்கள் அம்மாவின் குறியீடு கிட்டத்தட்ட 34. கூட்டிப் பாருங்கள், துடிப்புக் கோளாறு இல்லை என்று வைத்துக்கொண்டாலே 6 வருகிறது. ஒன்று வரைக்கும் இருந்தால் இந்த நோய் இல்லை என்று விடலாம், 2 முதல் 5 என்றால் மேலும் சோதனை வேண்டும், 6-ம் அதற்கு மேலும் என்றால் மூச்சிறைப்புக்கு இதுதான் காரணம் என்பதற்கு வாய்ப்பு மிக அதிகம். கிட்னி, நுரையீரல் போன்ற வேறு தெளிவான காரணம் இல்லாதபோது பயன்படுத்த வேண்டிய கணக்கு இது, அதனால்தான் அந்தக் காரணங்களையும் தேடச் சொல்கிறேன்.

இனி எடுக்க வேண்டிய டெஸ்ட்டுகள். ரத்தத்தில் என்டி-புரோபிஎன்பி. இதயச் சுவர் இழுபடும்போது அது ரத்தத்தில் விடுகிற பொருள் இது. ஓபியில் நடந்து வருகிறவருக்கு 125-க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்பு இருக்க வாய்ப்புக் குறைவு என்று எடுத்துக்கொள்கிறோம், அவசரமாக மூச்சுத்திணறலோடு வந்தவருக்கு 300-க்குக் கீழே என்றால் இதயம் இல்லை என்று ஓரளவு நிம்மதியாக வேறு பக்கம் பார்க்கலாம். ஆனால் இதில் ஒரு விஷயம் உங்கள் அம்மாவுக்கு முக்கியம், உடம்பு கனத்தவர்களுக்கு இந்த எண் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும், நோய் இருந்தும் நார்மலாக வந்தவர்கள் உண்டு. அதனால் 110 என்று வந்தால் "பார்த்தீங்களா, ஒண்ணுமில்லை" என்று ஃபைலை மூடிவிடக் கூடாது. மறுபக்கம் கிட்னி கெட்டிருந்தாலும், வயது ஏறினாலும், துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தாலும் எண் கூடுதலாக வரும். கொஞ்சம் விலையான டெஸ்ட், இருந்தாலும் இந்த நிலையில் எடுக்கலாம் என்பேன்.

இ.சி.ஜி. கட்டாயம், பழைய ஹார்ட் அட்டாக்கின் தடம், துடிப்புக் கோளாறு, சுவர் தடிப்பு எல்லாம் அதில் தெரியும். நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள், அது நார்மலாக இருந்தாலும் இதயச் செயலிழப்பு இல்லை என்று ஆகாது, ஆனால் நுரையீரலின் வேறு கோளாறுகள் பிடிபடும். ஹீமோகுளோபின், கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், தைராய்டு, ஈரல் டெஸ்ட், சிறுநீரில் புரதம். இவையெல்லாம் சாதாரண டெஸ்ட்டுகள்தான், அரசு மருத்துவமனையிலேயே எடுத்துவிடலாம். ஹீமோகுளோபினை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால் நம் பெண்களுக்கு 8, 9 என்று இருப்பது சகஜமாகிவிட்டது, அது மட்டுமே மூச்சு வாங்க வைக்கும், இதயம் சிரமப்படும்போது அது கூடச் சேர்ந்தால் இன்னும் மோசமாக்கும். அம்மா சத்தமாகக் குறட்டை விடுவாரா, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறும் இந்த உடல்வாகில் கூடவே வரும்.

இத்தனைக்குப் பிறகும் தெளிவில்லை என்றால், நடக்க வைத்தோ சைக்கிள் மிதிக்க வைத்தோ எக்கோ பார்ப்பார்கள். ஏனென்றால் இந்த நோயில் படுத்து ஓய்வாக இருக்கும்போது அழுத்தம் நார்மலாகவும், உடம்பை அசைத்தவுடன் எகிறுவதாகவும் இருப்பது வழக்கம். அரிதாகக் குழாய் விட்டு நேரடியாக அழுத்தத்தை அளக்க வேண்டிவரும். நோய் உறுதியானால் காரணத்தையும் தேட வேண்டும், சுகர்காரர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் ரத்தக்குழாய் அடைப்பு இருக்கும் என்பதால் அதைப் பார்க்காமல் விடக் கூடாது. இரண்டு கை மணிக்கட்டிலும் நரம்பு அழுத்தத்துக்கு ஆபரேஷன் செய்தவர், எக்கோவில் சுவர் மிகவும் தடித்து இ.சி.ஜி.யில் அலைகள் சின்னதாக இருப்பவர் என்றால் அமிலாய்டு என்ற புரதப் படிவு நோயையும் நினைக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை.

டாக்டரைப் பார்க்கும் வரைக்கும் சில விஷயங்கள். யாராவது வீட்டில் வைத்திருக்கிற லாசிக்ஸ் என்ற நீர் மாத்திரையை வாங்கிக் கொடுக்காதீர்கள். மூச்சு லேசாகும், உண்மைதான், ஆனால் பொட்டாசியம் இறங்கலாம், கிட்னி அடி வாங்கலாம், அடுத்த நாள் டாக்டர் பார்க்கும்போது கழுத்து நரம்பும் கால்வீக்கமும் பாதி வற்றிப்போய் அறிகுறி எல்லாம் மறைந்திருக்கும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிச் சாப்பிடும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள், உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிற மருந்து அது. சுகர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பயோகிளிட்டசோன் என்று ஒரு பெயர் இருந்தால் டாக்டரிடம் அன்றைக்கே கேளுங்கள், நம் ஊரில் இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரைகளில் இது ஒளிந்திருக்கும், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இது ஆகாது. பிபி மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் நான்கையும் இப்போதே ஒதுக்கிவையுங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, காப்பி குடிப்பதற்கு முன்னால், ஒரே மெஷினில் எடை பார்த்துக் காலண்டரிலேயே எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சாப்பாட்டில் வந்த எடை இல்லை, நீர்.

மருந்தைப் பற்றி இப்போதே விரிவாகப் பேச வேண்டியதில்லை, நோய் உறுதியாகட்டும். ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், இந்த இரண்டாம் வகைக்கு நல்ல மருந்தே இல்லை என்று சில வருடம் முன்புவரை நாங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தோம். 2021-ல் எம்பாகிளிஃப்ளோசினும் 2022-ல் டாபாகிளிஃப்ளோசினும் பெரிய ஆய்வுகளில் இந்த நோயாளிகள் ஆஸ்பத்திரியில் சேர்வதைக் குறைத்துக் காட்டின. இரண்டும் முதலில் சுகர் மாத்திரையாக வந்தவை. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020-லேயே முடிந்துவிட்டதால் பல கம்பெனிகள் மலிவாகத் தயாரிக்கின்றன. சுகரும் இதுவும் சேர்ந்திருக்கிற உங்கள் அம்மா மாதிரியானவர்களுக்கு இது இரட்டைப் பலன், கிட்னிக்கும் நல்லது. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், வாந்தி பேதி நாட்களிலும் முழு விரத நாட்களிலும் நிறுத்திவைக்க வேண்டும். மருந்தை எழுதிக் கொடுக்கிற டாக்டர் இந்த இரண்டு விஷயத்தையும் சொல்லாவிட்டால் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். நோய் சரியாகக் கண்டுபிடிக்கப்படுவது ஏன் முக்கியம் என்று நான் இவ்வளவு எழுதுவதற்கு இதுதான் காரணம். வீசிங் என்ற பெயரிலேயே இருந்தால் இந்த மாத்திரை அவருக்குக் கிடைக்கவே போவதில்லை.

எப்போது காத்திருக்கக் கூடாது என்றால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் போனால், இருமும்போது ரோஸ் நிறத்தில் நுரை வந்தால், உதடு நீலம் பாய்ந்தால், நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால், குப்பென்று வியர்த்துக் கொட்டினால் உடனே 108. வண்டி வருகிற வரைக்கும் படுக்கவைக்காதீர்கள், பயத்தில் எல்லோரும் முதலில் செய்வது அதுதான். முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, காலைக் கீழே தொங்கவிடச் சொல்லுங்கள். சோடா, கஷாயம் என்று எதுவும் கொடுத்து நேரத்தைக் கடத்த வேண்டாம்.

அப்படி எதுவும் இல்லையென்றால் இந்த வாரத்துக்குள் போய்விடுங்கள், ஒரு மாதமாகத் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறவரை இன்னும் தள்ளிப்போட வேண்டாம். போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், எக்கோ ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தையும் சேர்த்து. "ஈ.எஃப். நார்மலாக இருந்தாலும் இது இதயச் செயலிழப்பாக இருக்குமா, மேலறை பெரிதாக இருப்பதாகப் போட்டிருக்கிறதே" என்று அப்படியே கேளுங்கள், எந்த நல்ல டாக்டரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். என்டி-புரோபிஎன்பி, ஹீமோகுளோபின், கிரியாட்டினின் ரிசல்ட்டும் புது இ.சி.ஜி.யும் வந்ததும் எனக்கு எழுதுங்கள், மருந்துகளைப் பற்றி அப்போது பேசுவோம்.